தொட்டி தயார், மீன் எப்போது விடலாம்?

இரண்டடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் ஆகிவிட்டது. தண்ணீர் பளிங்கு போல இருக்கிறது. இந்த ஞாயிறு சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய் மீன் வாங்கி வரலாமா?

இந்த ஞாயிறு வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அதில் இன்னும் பாக்டீரியா குடியேறவில்லை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சமாகும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க விடாது. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறைகிறது. இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் சரளைக் கல்லிலும் பெருக, பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் விட்ட மீன் ஒரே வாரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த விஷங்களைத்தான். கடைக்காரர் நோயுள்ள மீனைத் தந்துவிட்டார் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்.

மீனே இல்லாத தொட்டியில் பாக்டீரியா எதைத் தின்று வளரும்?

நீங்கள்தான் தீனி போட வேண்டும். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அழுக விடுங்கள். ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அலங்காரப் பொம்மைக்குச் செலவழிக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம். பரவலாகக் கிடைக்கும் கிட்களில், தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து அம்மோனியா மருந்தைச் சொட்டியதும் மஞ்சளாகவே நின்றால் அம்மோனியா இல்லை, பச்சையாக மாறினால் இருக்கிறது. முதலில் அம்மோனியா ஏறும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். தீனி தொடர்ந்து போட்டும் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார்.

சீக்கிரம் ஆக வேண்டுமா? நோயில்லாமல் நன்றாக ஓடும் தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அதன் பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கும் பாட்டில் பாக்டீரியாவைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், ஆர்.ஓ. — எது நல்லது?

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனையும் கொல்லும், நாம் வளர்க்கும் பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் ஆன்டி-குளோரின் என்று கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டுள்ள அளவில் விடுங்கள். போர் தண்ணீரில் பொதுவாக குளோரின் பிரச்சினை கிடையாது, ஆனால் கடினத்தன்மை அதிகம். கப்பி, மோலி மீன்கள் அதில் சுகமாக இருக்கும். நியான் டெட்ரா மீனுக்கு ஒத்துவராது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். தாது உப்புகள் இல்லாததால் பி.ஹெச். (அமில-கார அளவு) சட்டென்று சரிந்துவிடும். போர் தண்ணீரோடு கலந்து விடலாம்.

ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் போடலாமா?

ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரைக் கடினமாக்கும். நுரைக்காவிட்டால் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவிப் போடுங்கள்.

ராத்திரி ஃபில்டர் சத்தம் தூங்க விடவில்லை. நிறுத்தி வைக்கலாமா?

கூடாது. அந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவை; ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சுக்குள் அவை சாகத் தொடங்கும். ஏர் பம்ப் என்றால் அடியில் மடித்த துணி வைத்தாலே பாதி சத்தம் அடங்கும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவுவதும் கூடாது. தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதில் பிழிந்தால் போதும்.

ஒரு மாதம் காலித் தொட்டி என்றால் பையன் கேட்க மாட்டேன் என்கிறான்.

ஜாவா மாஸ், ஹார்ன்வொர்ட் செடிகளை இப்போதே விடலாம். டெஸ்ட் பார்க்கும் வேலையையும் அவனிடமே கொடுங்கள். தயாரானதும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, முதலில் நாலைந்து கப்பி மட்டும் விடுங்கள். அடுத்த மீன்கள் இரண்டு வாரம் கழித்து, அதுவும் அம்மோனியா பூஜ்யமாக இருந்தால்தான்.