பேசி முடித்த விலையைவிட வங்கி மதிப்பீடு குறைவாக வந்தால் வீட்டு விற்பனை நின்றுவிடுமா?

நின்றே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் விலையில் கை வைப்பார்கள். எங்களுக்கு மூன்று லட்சம் போனது.

சென்னை மடிப்பாக்கத்தில் 2004இல் கட்டிய ஒரு இரண்டு பெட்ரூம் பிளாட் எங்களுடையது. 2022 ஏப்ரலில் ஒருவர் 68 லட்சத்துக்குப் பேசி டோக்கன் அட்வான்ஸும் கொடுத்தார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் என்றால், மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, 54.4 லட்சம் கடன், மீதி தன் சேமிப்பு என்று கணக்குப் போட்டிருந்தார். பத்திரச் செலவு தனி. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று அப்போது 11 சதவீதம். அதற்கு வங்கி தராது.

எதில் 80 சதவீதம் என்பதில்தான் சிக்கல். அக்ரிமென்ட் விலை, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் (வேல்யூயர்) போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில்.

வேல்யூயர் ஒரு சனிக்கிழமை வந்தார். பால்கனியை அடைத்துப் பையனுக்குப் படிக்கும் அறையாக்கியிருந்தோம். “பிளான்ல இது பால்கனிதானே சார்” என்று அதை அறைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாத்ரூம் கூரையின் ஈரக்கறைக்கு முந்தின நாள்தான் பெயின்ட் அடித்திருந்தேன். அந்த வாசனைதான் அவரை மேலே பார்க்க வைத்தது என்று நினைக்கிறேன். கேட் முன்னால் என்னை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். ரிப்போர்ட்டில் 60 லட்சம்.

அதில் 80 சதவீதம் 48 லட்சம். ஆறு லட்சத்து நாற்பதாயிரம் துண்டு விழுந்தது.

பழைய பிளாட்டுக்கு நம் பங்கு மனையின் மதிப்பு, அதோடு வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த கட்டட மதிப்பு, இதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். நாம் ஆசையாகச் செய்த மர வேலைக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது. இன்னொன்று, அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களையும் புரட்டுவார்கள். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டு மிச்சத்தை ரொக்கமாகக் கைமாற்றும் ஊரில் பத்திர விலை எப்படி இருக்கும்? அவர்கள் பத்திரச் செலவில் மிச்சம் பிடித்தது என் தலையில் விடிந்தது. (நாங்கள் வாங்கியபோதும் அப்படித்தான் பதிந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இந்த இழுபறிக்கு நடுவில் சந்தையும் மாறியது. ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போவை மே 4 அன்று 4 சதவீதத்திலிருந்து 4.4 ஆக்கியது, ஜூன் 8 அன்று 4.9. வாங்குபவருக்கு 6.7 சொல்லியிருந்த வட்டி 7.6 ஆனது. 54 லட்சத்துக்கு இருபது வருடக் கணக்கில் மாதத் தவணை 41,000 பக்கம் இருந்தது, 44,000ஐ நெருங்கியது. சம்பளம் அதேதான், கடன் தகுதி மட்டும் குறைந்தது. மார்ச்சில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்து பார்த்த வீட்டுக்கு ஜூனில் ஒரு போன்கூட வரவில்லை. அப்போதுதான் என் பிடிவாதம் தளர்ந்தது.

புரோக்கர் ஒரு யோசனை சொன்னார்: பத்திரத்தில் 60 போட்டு, மீதியைத் தவணையாகக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வேண்டாம் என்றுவிட்டேன்.

அப்புறம் வாங்குபவர் வேறொரு வங்கிக்குப் போனார். அங்கே 63 லட்சம் போட்டார்கள், கடன் 50.4 லட்சம். நான் 65க்கு இறங்கினேன், மீதி 14.6 லட்சத்தை அவர் புரட்டினார். ஆகஸ்டில் பத்திரம் முடிந்தது.

நீங்கள் விற்பதாக இருந்தால், விலை சொல்லும் முன்பே வங்கி பேனலில் (அங்கீகரித்த பட்டியலில்) இருக்கும் ஒரு வேல்யூயரிடம் சொந்தச் செலவில் ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள். மதிப்பீடு இந்தத் தொகைக்குக் கீழே போனால் அட்வான்ஸ் திரும்பக் கொடுப்பதா, விலையை மறுபடி பேசுவதா என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எங்கள் அக்ரிமென்ட்டில் அந்த வரி இல்லை. ஜூன் முழுக்க நாங்கள் சண்டை போட்டது அதற்குத்தான்.