பாலத்துக்குப் பாலம் 4 கி.மீ.தானா? ஆற்றங்கரை நடை: வாசகர் கேள்வி – பதில்

சமவெளியில், வயல்வெளி வழியாகவும் ஆற்றங்கரையிலும் நடப்பது பற்றி இந்த இதழுக்கு நிறையக் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

எனக்கு 62 வயது. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். நண்பர்களோடு ஆற்றங்கரை வழியே ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலம் வரை போய்த் திரும்ப ஆசை. வரைபடத்தில் 4 கி.மீ.தான் காட்டுகிறது. போக ஒரு மணி நேரம் போதுமா?

போதாது. நீங்கள் அளந்தது பாலத்துக்குப் பாலம் நேர்கோடு. சரிவு குறைந்த நிலத்தில் ஆறு நேராக ஓடாது, வளைந்து நெளிந்துதான் போகும். ஆற்றின் நீளத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்துப் பார்த்து, விடை 1.5-க்கு மேல் வந்தால் அதை வளைந்தோடும் ஆறு என்கிறார்கள். 2-ஐத் தாண்டுகிற ஆறுகளும் உண்டு. 1.5 என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் 4 கி.மீ., 6 ஆகிவிடுகிறது.

காகித வரைபடம் என்றால் ஒரு நூலை நனைத்து ஆற்றுக் கோட்டின் மேல் வளைவுக்கு வளைவு ஒட்டிவிடுங்கள். பிறகு எடுத்து நேராக்கி, அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கைபேசியில் அளப்பதானால் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மூன்று புள்ளி வையுங்கள். புள்ளி குறைந்தால் வளைவுகளைக் குறுக்கே வெட்டி, தூரத்தைக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது வேகம். தார்ச்சாலையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் மண்பாதையில் 4 நடப்பார். முழங்கால் உயரப் புல்லிலும் ஈரக் களிமண்ணிலும் இரண்டரை, மூன்றுதான். மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வும் சேர்த்தால், நல்ல மண்பாதையிலேயே 6 கி.மீ.க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான். வரைபடத்தில் நீங்கள் நடக்கப்போகிற கரையில் எத்தனை வாய்க்கால், ஓடை வந்து ஆற்றில் சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எங்கே கடப்பது? கரையிலேயே மதகோ பலகையோ இல்லையென்றால், உள்ளே தள்ளியிருக்கும் சிறுபாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். இரு கரையையும் ஒப்பிட்டு, குறுக்கே வரும் நீர் குறைவாக உள்ள கரையைத் தேர்ந்தெடுங்கள்.

தினமும் அரை மணி நடப்பவருக்குப் போய்வர 12 கி.மீ. என்பது ஒரே தாவலில் அதிகம். முதல் முறை நேரத்தை வைத்து நடங்கள். மொத்தம் இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்தால், 50-ஆவது நிமிடத்தில், எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். திரும்பும் வழியில் கால் தளர்ந்திருக்கும், மீதி நேரம் அதற்குத்தான். இப்படி நான்கைந்து முறை நடந்து பழகிய பிறகு அடுத்த பாலம் வரை போகலாம். அன்றும் அந்தப் பாலத்தில் ஒரு வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வழி மட்டும் நடப்பதே நல்லது.

வலது கரை, இடது கரை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். வலக்கைப் பக்கம் வலது கரை. நீங்கள் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறாது.

ஆற்றின் விளிம்பை ஒட்டி நடந்தால்தான் அழகு. எவ்வளவு அருகில் போகலாம்?

கரை எத்தனை உயரமோ, குறைந்தது அத்தனை தூரம் தள்ளி நடங்கள். நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரக் கரை என்றால் விளிம்பிலிருந்து 3 மீட்டர்.

வளைவின் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாகவும் ஆழமாகவும் ஓடி, கரையின் அடியை அரிக்கும். மேலே புல்வேர்கள் மண்ணைப் பிடித்திருப்பதால் பார்க்க உறுதியான தரை போலத்தான் இருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. நீங்கள் நிற்பது தரை அல்ல, ஒரு கூரை. வளைவின் உட்பக்கத்தில் நீர் மெதுவாக ஓடி மணலையும் வண்டலையும் படிய வைக்கும். அங்கே சரிவு மென்மையாக இருக்கும். உட்காரவும் படம் எடுக்கவும் உட்பக்கமே ஏற்றது.

விளிம்பு பெயரப் போகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. புல்லை விலக்கிப் பாருங்கள்: கரைக்கு இணையாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல், சில அடி நீளத்துக்கு ஓடியிருக்கும். ஒரு பக்கப் புல் மறுபக்கத்தைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். அந்தக் கீறலுக்கும் ஆற்றுக்கும் இடையில் கால் வைக்கவே கூடாது. நீரை நோக்கிப் புதிதாகச் சாய்ந்த மரம், அந்தரத்தில் தொங்கும் வேலிக்கால், கரையின் முகத்தில் பச்சை படியாத புது மண் ஆகியவையும் அதையே சொல்கின்றன.

வெள்ளம் வடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று பலரும் கிளம்புவது தவறான நாளில். வெள்ளம் நிற்கும்வரை ஆற்று நீரே கரையை அழுத்தித் தாங்கியிருக்கும். நீர் மளமளவென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடும். கரைமண்ணோ உள்ளே ஊறிய நீரின் எடையோடு நிற்கும். பெரிய பெரிய பாளங்களாகக் கரை சரிவது அப்போதுதான். வடிந்த பிறகும் சில நாள் பொறுத்து, மண் காய்ந்ததும் போங்கள்.

மழையே இல்லாத நாளில் ஆற்றில் திடீரென்று நீர் ஏறுமா?

ஏறும். மேலே எங்கோ பெய்த மழை பல மணி நேரம் கழித்து உங்களிடம் வரலாம். மேல்பகுதியில் அணையோ மதகோ இருந்தால், திறந்ததும் வரும். தெளிவாக ஓடிய நீர் கலங்குவது, நுரையும் சருகும் குச்சியும் மிதந்து வருவது, சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மூழ்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேல்கரைக்கு ஏறுங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். நடு ஆற்று மணல்திட்டில் உட்கார்ந்து சாப்பிடும் ஆசையை, மேலே அணை உள்ள ஆற்றில் விட்டுவிடுங்கள்.

ஏற்ற இறக்கமே இல்லாத பாதைதான். ஆனாலும் மலைப்பாதையைவிடக் கால் வலிக்கிறதே?

மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும், தசைகள் மாறி மாறி வேலை செய்யும். சமதரையில் ஒரே தசை, ஒரே கோணம், ஆயிரக்கணக்கான முறை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,300 அடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுங்கள். சிறிது தூரம் நீண்ட அடி, சிறிது தூரம் குட்டை அடி என்று மாற்றினாலும் போதும்.

கரையின் சரிவில் நடப்பதும் ஒரு காரணம். ஒரு கால் எப்போதும் தாழ்வில் இருந்தால் கணுக்காலும் முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்கும். கரையின் உச்சியில், தட்டையான இடத்தில் நடங்கள்.

காலணியின் முன்புறம், நின்றபடி பார்க்கும்போது, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். குதிகால் வழுக்குகிறதா? கயிற்றை மேல் துளையில் அதே பக்கமே நுழைத்து இருபுறமும் சிறு வளையம் விடுங்கள். பிறகு கயிற்று முனைகளை எதிர்ப்பக்க வளையங்களில் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால், கொப்புளமாகும்வரை காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

தூரத்துக் கோபுரத்தைக் குறிவைத்து நடந்தோம். ஒரு மணி நேரமாகியும் கிட்டவே வரவில்லை.

வெட்டவெளியில் கண் ஏமாற்றும். தரையில் நிற்பவருக்கு அடிவானம் ஏறக்குறைய நாலரை கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஆனால் 20 மீட்டர் உயரக் கோபுரம், இடையில் மறைப்பு இல்லாமல் வானம் தெளிந்திருந்தால், 20 கி.மீ. அப்பாலிருந்தும் தலைகாட்டும். அதைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தூரத்தை வரைபடத்தில் பாருங்கள்.

சேற்றில் முழங்கால்வரை புதைந்தால்?

காலைச் சட்டென்று மேலே இழுக்காதீர்கள். அடியில் காற்றுப் புக வழியில்லாமல் சேறு இன்னும் இறுகப் பிடிக்கும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்புங்கள். காலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, சுற்றிலும் நீர் இறங்க விட்டு, ஒரு நேரத்தில் ஒரு கால் என்று எடுங்கள். காலணி போனால் போகட்டும்.

இடி இடித்தால் வெட்டவெளியில் என்ன செய்வது?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கி.மீ. 30-க்குள் இடி கேட்டால், மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே ஒதுங்க வேண்டும். உறுதியான கட்டடம் அல்லது மூடிய கார்தான் பாதுகாப்பு. தனி மரத்தடியும் ஓலைக்கொட்டகையும் ஆகாது. ஒதுங்க இடமே இல்லையென்றால் கரை உச்சியைவிட்டு இறங்கி, நீரிலிருந்தும் கம்பிவேலியிலிருந்தும் விலகி, ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே நடையைத் தொடருங்கள்.

எந்தப் பக்கமாகத் தொடங்கிப் போவது நல்லது?

காற்று எதிர்ப்படும் பக்கமாக. சமவெளியில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் நடந்துவிட்டால், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். காற்றில்லாத காலையில் மேற்கு நோக்கித் தொடங்கினால் வெயில் முகத்தில் அடிக்காது. தண்ணீர், ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். கடும் வெயிலில் இன்னும் கூடுதலாக.

வரப்பில் நடக்கலாமா? மாடுகள் மேய்ந்தால்?

வரப்பு ஒருவருடைய நிலம். கேட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். சுமையோடு எதிரே வருபவருக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். புதிதாக மண் அணைத்த வரப்பில் கால் வைத்தால் உடைந்து வயல் நீர் வடிந்துவிடும், அதைச் சுற்றிப் போங்கள். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். கூட வரும் நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். ஆனால் மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். அது குறிவைப்பது நாயைத்தான், நாய் ஓடித் தப்பிவிடும்.