சாரம் சரிந்தது, பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று: இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். என் கணவர் கொத்தனார், வயது 40, நாள் கூலி 950 ரூபாய். 2025 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு கடைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தார். இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டன. ஆஸ்பத்திரிச் செலவு 60,000 ரூபாயை இன்ஜினியர் கட்டினார். பிறகு 25,000 கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது கேட்டால், "அவர் மேஸ்திரியோட ஆள், பெல்ட்டும் போடல" என்கிறார். மேஸ்திரியோ, "நானே கூலிக்காரன்" என்கிறார். டாக்டர் 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகப் போடலாம், அம்மா. அந்தப் பத்திரத்தை நினைத்துத்தான் இத்தனை மாதம் சும்மா இருந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அது செல்லாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் 17-ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பதாக இருந்தாலும், இழப்பீட்டு ஆணையரிடம் அதைப் பதிவு செய்தாக வேண்டும். தொகை குறைச்சலாகத் தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு போட்ட கையெழுத்து அந்தச் சோதனையைத் தாண்டுவது கஷ்டம்.

அடுத்து, யார் தருவது? நம் ஊர்களில் கட்டடம் ஒப்பந்தம் எடுப்பவர் எல்லோருமே 'இன்ஜினியர்'தான், படித்தாரோ இல்லையோ. அவர் மொத்த வேலையை எடுத்து, பூச்சு வேலையை மட்டும் மேஸ்திரியிடம் சதுர அடிக் கணக்கில் விட்டிருப்பார். இந்தச் சங்கிலியை நினைத்துத்தான் 12-ஆம் பிரிவை வைத்திருக்கிறார்கள். தன் தொழிலின் பகுதியான வேலையை இன்னொருவரிடம் பிரித்துக் கொடுத்தாலும், அதில் அடிபட்ட ஆளுக்கு, தானே நேரடியாக வேலைக்கு வைத்தவர் போல மேலே இருப்பவர் இழப்பீடு தர வேண்டும். அப்புறம் அவர் மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்கள் கணக்கு. மனுவில் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கடைச் சொந்தக்காரரின் தொழில் கட்டடம் கட்டுவது இல்லையென்றால், அவரை இந்தப் பிரிவில் பிடிப்பது கடினம்.

தினக்கூலிக்கு இந்தச் சட்டம் வராது என்று யாராவது சொன்னால், 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

பெல்ட் விஷயம். கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தை உங்கள் கணவர் வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று இன்ஜினியர்தான் காட்ட வேண்டும். அந்த இடத்தில் பெல்ட் இருந்ததா? சவுக்குக் கழியும் கயிறும் கட்டிய சாரத்தில் பெல்ட்டை எதில் மாட்டுவது என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. முழு நிரந்தர ஊனம் என்று முடிவானால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

இப்போது 30 சதவீதம். இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. டாக்டர் எழுதியது கால் எவ்வளவு கெட்டது என்ற கணக்கு. சட்டம் கேட்பது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்று. இரண்டும் ஒன்றல்ல. ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே போனபோது, தச்சு வேலையே இனி முடியாது என்பதால் 100 சதவீத இழப்பு என்றது உச்ச நீதிமன்றம், 1975-இல். குதிகால் ஊன்ற முடியாத கொத்தனார் சாரம் ஏற முடியுமா? குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரை பூச முடியுமா? டாக்டரைச் சாட்சியாக அழைத்து இதைத்தான் கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 950 கூலிக்கு மாதம் 25 நாள் வைத்தாலே 15,000-ஐத் தாண்டும். ஆனால் 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுக்கும் உச்ச வரம்பு 15,000தான். முழு ஊனத்துக்குச் சட்டம் எடுப்பது அதில் 60 சதவீதம், அதாவது 9,000. 40 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கல் எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய், இது முழு இழப்புக்கு. 50 சதவீதம் என்றால் 8,28,765. வெறும் 30 என்று விட்டால் 4,97,259. உங்கள் கையில் கிடைத்தது 25,000. இன்ஜினியர் கட்டிய 60,000 வைத்தியச் செலவு, அதை இழப்பீட்டில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் தராததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கேளுங்கள். நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்திருந்தால் தொகையில் 50 சதவீதம் வரை தண்டமும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்ததால் உரிமை பழைய சட்டப்படி உருவானது. மனுவில் இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இது சிவில் கோர்ட் வழக்கல்ல, தொழிலாளர் துறை மூலம் போகும் மனு. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலேயே போடலாம். கணவருக்கு ஈஎஸ்ஐ பிடித்தம் இருந்திருந்தால் மட்டும் வழி வேறு, அதை முதலில் பார்த்துவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அந்த உதவிக்கும் விண்ணப்பியுங்கள். அது தனி.

நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது: ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், ஏ.ஆர். காப்பி என்பார்களே, அது. என்னிடம் வந்த ஒரு சித்தாள் பெண்ணின் நகலில் 'வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாக' என்று இருந்தது. கூட வந்த மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்கள். நடவு இல்லாத மாதங்களில் மட்டும் கட்டட வேலைக்குப் போகிறவர், கூலிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கடைசியில் காப்பாற்றியது சனிக்கிழமைதோறும் மேஸ்திரி ஜிபேயில் போட்ட பணம்தான். விழுந்த வாரம் வரை வந்திருந்தது, தேதியோடு.

ஆகவே இந்த வாரமே ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், அன்று சாரத்தில் நின்ற இரண்டு பேர் வந்து சாட்சி சொன்னால் போதும். அவர்கள் வேறு ஊர் வேலைக்குப் போவதற்குள் பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொள்ளுங்கள். கணவரின் பழைய போனை விற்காதீர்கள், கூலி வந்த கணக்கு அதில் இருக்கும். நோட்டீஸ் போனதும் இன்ஜினியர் உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். வந்தால் காபி கொடுங்கள், கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.