மெல்லும்போது ஊறும் எச்சில் ராத்திரி எங்கே போகிறது?

கேள்வி: ஜிபூத்தியில் வேலை பார்க்கிறேன். இங்கே எத்தியோப்பியாவிலிருந்து தினமும் காத் இலை, அதாவது கிளர்ச்சிக்காக மெல்லும் பச்சை இலை, வந்து இறங்கும். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து எனக்கும் பழகிவிட்டது. மெல்லும்போது நன்றாக எச்சில் ஊறுகிறது, ராத்திரியிலோ நாக்கு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வறட்சி. இலையை அடக்கிவைக்கும் இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் தடித்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: எதை மென்றாலும் எச்சில் சுரக்கும், அதை வைத்து காத் வாய்க்கு நல்லது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்த இலையில் இருக்கும் கேத்தினோன் என்ற பொருள், ஆம்பெட்டமைன் என்ற ஊக்கமருந்தைப் போல வேலை செய்வது. பெரும்பகுதி வாய்ச்சவ்வு வழியாகவே ரத்தத்தில் கலந்து பரிவு நரம்புகளை, அதாவது ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் நரம்புகளை, முடுக்கிவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும், பசியும் தூக்கமும் போகும், தண்ணீர் போன்ற எச்சில் குறைந்து பிசுபிசுப்பானதுதான் மிஞ்சும். நீங்கள் மெல்லுவதை நிறுத்தியதும் சுரக்கவைத்த தூண்டுதல் நின்றுபோகிறது, கேத்தினோனின் வேலை நிற்பதில்லை. இலையிலுள்ள டானின் என்ற பொருளின் துவர்ப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும். தூக்கத்தில் எல்லோருக்குமே எச்சில் குறையும் என்பதால் ராத்திரியில் உங்களுக்கு இரட்டை அடி.

எச்சில் வெறும் ஈரம் இல்லை. வாயில் அமிலத்தன்மை ஏறி பிஎச் (அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு) 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். அதைத் திரும்ப மேலே கொண்டுவருவதும், கரைந்த கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுப்பதும் எச்சில்தான். காத் மெல்லுகிறவர்களில் பலர் கசப்புக்கும் தாகத்துக்கும் கோலாவோ சர்க்கரை போட்ட டீயோ மணிக்கணக்கில் குடிப்பார்களே, சொத்தைக்கு இலையைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை. உங்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே வெறும் தண்ணீருக்கு மாறுங்கள். படுக்கும் முன் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் துலக்குங்கள், துலக்கிய பிறகு நிறைய கொப்பளிக்காமல் துப்பினால் போதும்.

அந்த வெள்ளைத் தடிப்பு. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் இலை உரசினால் சவ்வு தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும், காத் மெல்லுகிறவர்களிடம் இது சகஜம், பெரும்பாலும் ஆபத்தில்லாததும்கூட. ஆனாலும் வெறும் கண்ணால் பார்த்து ஆபத்தில்லை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, அதிலும் மெல்லும்போது சிகரெட்டும் பிடிக்கிறவர் என்றால் கண்டிப்பாகக் காட்டியே ஆக வேண்டும். இப்போதே இலையை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். போகவில்லை, அல்லது நடுவில் சிவந்து புண்ணாகிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது என்றால் பல் மருத்துவரிடம் போங்கள், அவர் தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார். வலது கன்னத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும், வேண்டாம், அங்கேயும் இதேதான் நடக்கும்.

ஈறு இறங்கியிருக்கிறதா என்பதையும் பல் மருத்துவர் பார்த்துவிடுவார். மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால், கூச்சப்படாமல், காத் மெல்லுவதையும் கடைசியாக எப்போது மென்றீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும்.