நோட்ஸை மறைக்கும் தோழி

கேள்வி: மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் எப்போதும் நான்தான் முதல். இங்கே நடுவில் எங்கோ இருக்கிறேன். நெருங்கிய தோழியிடம் நோட்ஸ் கேட்டால், "நானே இன்னும் புத்தகத்தைத் தொடவில்லை" என்பாள். ஆனால் முதல் மூன்று இடங்களில் அவள் பெயர் இருக்கும். செய்முறைத் தேர்வின் தேதி மாறியதைக்கூடச் சிலர் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். மதிப்பெண் பட்டியல் ஒட்டும் நாளில் கை நடுங்குகிறது. நானும் அவர்களைப் போல மாறினால்தான் தாக்குப்பிடிக்க முடியுமா?

பதில்: தேதியை மறைத்தது அற்பத்தனம். இனி தேதிகளைத் துறை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோழி விஷயம் வேறு. "படிக்கவே இல்லை" என்பது பல நேரம் உங்களைக் கவிழ்க்கச் சொல்வதல்ல. மதிப்பெண் குறைந்தால் மானம் போகாமலிருக்க முன்கூட்டியே சொல்லிவைக்கும் சாக்கு. முதல் மூன்றில் இருப்பவருக்கும் அந்தப் பயம் உண்டு, சொல்லப்போனால் கூடுதலாகவே.

நீங்கள் நடுவில் இருப்பதற்குத் திறமை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒப்பிடும் கூட்டம் மாறிவிட்டது. பள்ளிதோறும் முதலிடம் பிடித்தவர்களை ஒரே அறையில் உட்காரவைத்தாலும், பாதிப் பேர் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் வருவார்கள். திறமைசாலிகள் நடுவே போனதும் தன்மதிப்பு சரிவதை உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

அப்புறம், உங்கள் கல்லூரியின் மதிப்பெண் விதியைப் பாருங்கள். தேர்ச்சிக்கு நிலையான மதிப்பெண் என்றால், தோழி வாங்கும் மதிப்பெண் உங்களுடையதில் ஒன்றையும் குறைக்காது. தரவரிசையை வைத்து கிரேடு தரும் இடத்தில்தான் ஒருவரின் ஏற்றம் இன்னொருவரின் இறக்கம். இந்த அழுத்தம் மாணவர்களின் கற்பனையும் அல்ல. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்துக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் தருவதில்லை. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டும்தான். மாணவர்களின் மனநலமும் அந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

மாறலாமா என்றால், வேண்டாம். நல்ல பெயருக்காகச் சொல்லவில்லை, அதில் லாபமே குறைவு. ஒரு பாடத்தை அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எங்கே ஓட்டை என்று தெரிகிறது. வாய்மொழித் தேர்வுக்கும் அதுவே பயிற்சி. நம்பிக்கையான இரண்டு பேர் போதும், முழு வகுப்பும் வேண்டாம். நாளை வார்டில் பணி மாறும்போது நோயாளியைப் பற்றிய தகவலை அடுத்த மருத்துவரிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டியிருக்கும். மறைத்தே பழகியவர் அங்கே திணறுவார்.

பட்டியல் நாளில் மட்டும் கை நடுங்கினால் அது தேர்வுப் பதற்றம். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், அடுத்த பட்டியல்வரை காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். மருத்துவ மாணவியே போவதா என்று தயங்க வேண்டாம்.