வெட்டுவான் கோயில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குப் போய் வெட்டுவான் கோயிலைப் பார்த்தேன். மேற்பகுதி கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கீழே இறங்கினால் வெறும் பாறை. மலைமேல் சமணச் சிற்பங்களைச் செய்த தந்தை, இந்தக் கோயிலைச் செதுக்கிய மகன்மீது பொறாமைப்பட்டு அவனைக் கொன்றதால் வேலை நின்றுபோனது என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். பாதியில் விட்ட கோயிலை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறோம்? முடிந்திருந்தால் இன்னும் சிறந்திருக்காதா?

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

முடிந்திருந்தால் அழகு கூடியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிற்பிகள் எப்படி வேலை செய்தார்கள் என்பதை இவ்வளவு தெளிவாக நாம் பார்த்திருக்க முடியாது.

நாம் வீடு கட்டுவதென்றால் முதலில் வானம் தோண்டுவோம். கடைசியில்தான் கூரைக்கு வருவோம். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் இங்கே அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். மலைச்சரிவில் மூன்று பக்கமும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்து, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லில் உச்சியிலிருந்து செதுக்கத் தொடங்கினார்கள். எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலும் இந்த முறையில் உருவானதுதான். இதில் சாரம் கட்ட வேண்டிய தேவை பெரிதாக இல்லை, ஏனெனில் இன்னும் வெட்டாத பாறையே சிற்பிக்கு நிற்கும் இடமாகிறது; ஆனால் ஒரு மூக்கு உடைந்தால் அந்தக் கல்லைக் கழற்றி வேறு கல்லை வைக்க வழியில்லை.

நீங்கள் வெறும் பாறை என்று எழுதிய இடத்துக்கு அடுத்த முறை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய் நில்லுங்கள். அம்மி கொத்தியதுபோல உளி இறங்கிய தடங்கள் அங்கே அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து பார்வையை மெல்ல மேலே கொண்டுசென்றால், விளிம்பின் கீழ் வரிசையாக அமர்ந்திருக்கும் பூதகணங்களையும், தெற்கே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியையும், அதற்கும் மேலே எண்பட்டைச் சிகரத்தையும் காணலாம். கல்லாலின்கீழ் மௌனமாக அமர்ந்து உபதேசிப்பவராகவே நாம் அறிந்த தட்சிணாமூர்த்தியின் கைகளில் மிருதங்கத்தை வைத்த அந்தச் சிற்பியை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். ஒரே கல்லில் முதல் கொத்திலிருந்து கடைசி மெருகு வரை வேலையின் எல்லா நிலைகளும் மேலும் கீழுமாக நிற்பதால்தான், முற்றுப்பெற்ற எத்தனையோ கோயில்களைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பெரியவர் சொன்ன தந்தை மகன் கதையை நான் வரலாறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயினும் ஒரே மலையில் சைவத்துக்கும் சமணத்துக்குமாக இருவகை உளிகள் ஒலித்தன என்ற நினைவு அந்தக் கதைக்குள் தங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது; மேலே இருக்கும் தீர்த்தங்கரர் வரிசையும் பாண்டியர் காலத்தையே சேர்ந்தது. 1986-இல் மாவட்டம் பிரிந்தபின் தூத்துக்குடிப் பக்கம் போனாலும், திருநெல்வேலிச் சீமையின் பழைய வாழ்வைச் சொல்ல இந்த மலையைப்போல வேறொரு இடம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் சமணச் சிற்பங்கள் வரை ஏறினீர்களா என்று எழுதவில்லை. ஏறாதிருந்தால் மறுபடியும் போய்வாருங்கள். பல உருவங்களின் அடியில் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் இரண்டு மூன்று வரிகளில் அவற்றைச் செய்வித்தவர்களின் ஊரும் பெயரும் இருக்கும். அவர்களில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. குமரி மாவட்டத்தில் இன்று சிதறால் என்று வழங்கும் திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியரின் பெயரும் அந்தப் பாறையில் இருக்கிறது.

அன்புடன்.