கறிகாய் நறுக்கும் இரவு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரின் முருகன் கோயில் கமிட்டியில் நான் செயலாளராக இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய இரவு ஒரு காலத்தில் ஊரே எங்கள் கோயில் சமையற்கட்டில்தான் இருக்கும். இந்த ஆண்டு கறிகாய் நறுக்க வந்தவர்கள் அனைவரும் அறுபதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார்கள், உள்ளூரில் இருப்பவர்களுக்கோ நேரமில்லை. சித்ரா பௌர்ணமிக் காவடிக்கு அன்னதானத்தைக் கேட்டரிங்காரர்களிடம் விட்டுவிடலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் சேவை மனப்பான்மை இனித் திரும்பாது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஊர்த் திருவிழாக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுபவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்: அப்படி விடுவதில் தவறுண்டா? உள்ளூர்க் கடை ஒன்று தன் பெயர் அச்சிட்ட டீ-ஷர்ட்டுகளைத் தொண்டர்களுக்குத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நேரமில்லை என்ற காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் கமிட்டி தவறான முடிவுக்குப் போவதானால் அந்த வழியாகத்தான் போகும். 1860 முதல் 1911 வரை டர்பன் அமைந்த நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங், எழுத்து மூலமான அனுமதியின்றித் தோட்டத்தைவிட்டு வெளியே கால் வைக்க முடியாத நிலை. கரும்புத் தோட்டத்து ஓரங்களில் கோயில் எழுப்பித் தேர் இழுத்துக் காவடி எடுத்தவர்கள் இவர்கள்தாம். நம்மில் யாருக்கும் இவர்களைவிடக் குறைவான ஓய்வு இருக்க முடியாது.

அவர்கள் செய்தது வேறொன்று. டர்பனை அடுத்த இசிப்பிங்கோ ரயில் என்ற ஊரின் மாரியம்மன் கோயிலில் பெரிய திருவிழா ஈஸ்டரையொட்டி நடப்பதும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பெரிய வெள்ளியன்று பக்தர்கள் தீ மிதிப்பதும் பஞ்சாங்கம் பார்த்து வைத்த ஏற்பாடு அல்ல. தோட்டத்துக்கும் ஆலைக்கும் விடுமுறை கிடைத்த நாட்கள் அவை. (முதலாளிகள் முஹர்ரத்துக்கு விடுமுறை கொடுத்தபோது நம்மவர்கள் அதையும் விடவில்லை, முஸ்லிம்களோடு சேர்ந்து தாங்களும் ஊர்வலத்தில் அலங்காரக் கூடு தூக்கிப் போனார்கள்.) கைகள் ஓய்ந்திருக்கும் நாளைப் பார்த்து அவர்கள் திருவிழாவையே அங்கே நகர்த்தி வைத்தார்கள். நாமோ வேலை நாளில் காலை பத்து மணிக்குச் சமையற்கட்டைத் திறந்துவைத்துவிட்டு, ஓய்வூதியம் வாங்குபவர்கள் மட்டுமே வருகிறார்கள் என்று வருந்துகிறோம். உங்கள் கோயிலில் நறுக்கும் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. கமிட்டி முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

பிள்ளைகள் தொலைவில் இருப்பதும் புதிதல்ல. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம் குடும்பங்களைக் கிளப்பிச் சாட்ஸ்வொர்த் என்ற புறநகருக்கு அனுப்பினார்கள், வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், ஆனால் பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயம் நின்றது. சுற்றிலும் புல் மண்டிய வெற்று நிலத்தின் நடுவே இருந்த அந்தக் கோயிலுக்கு, அண்டை வீடு என்று ஒன்றுகூட மிச்சமில்லாத நிலையிலும், திருவிழாவுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். அங்கே தமக்கென்று ஒரு வேலை உண்டு, தாம் வராவிட்டால் அது நடக்காது என்பது வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது நம் சமையற்கட்டுகளில் நடப்பதைப் பாருங்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவன் தாயோடு வருகிறான், சுவரோரம் நிற்கிறான். யாரும் அவனிடம் கத்தியைக் கொடுப்பதில்லை. தானே எடுத்தால், "நீ தள்ளுப்பா, உனக்குத் தெரியாது" என்று ஒரு பெரியவர் வாங்கிக்கொள்கிறார். அரை மணி நேரம் போனைப் பார்த்துவிட்டுப் பையன் போய்விடுகிறான், அடுத்த ஆண்டு வருவதில்லை. வடகடற்கரைக் கோயில் ஒன்றில் இதற்கு நேர்மாறானதைக் கண்டேன். பருப்பு அண்டா மூன்றின் அடியில் எரியும் விறகை இரவு முழுவதும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அங்கிருந்த தலைமைச் சமையல்கார அம்மா அப்படியொரு பையனிடம் விட்டுவிட்டார். எப்போது கட்டையை உள்ளே தள்ளுவது, எப்போது வெளியே இழுப்பது என்று இரண்டு முறை காட்டியதோடு சரி, அதன்பின் அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. விடியற்காலையில் கண் சிவந்து, முடியெல்லாம் சாம்பலாக நின்ற அவன், அண்டாவை இறக்கலாமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதிகாரத்தோடு பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மறு ஆண்டு அவனோடு நண்பர்களும் வந்தார்கள்.

ஆகவே மனப்பான்மை போய்விட்டது என்பதை நான் ஏற்கவில்லை. பெரியவர்கள் பொறுப்பைக் கையைவிட்டு விடாததுதான் காரணம், இது கமிட்டியிலுள்ள உங்கள் நண்பர்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஒப்பந்தத்துக்கு விட வேண்டியவை உண்டு. கழிவறை வண்டி, ஜெனரேட்டர், ஆம்புலன்ஸ், மறுநாள் குப்பை அள்ளுவது ஆகியவற்றைத் தயங்காமல் பணம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். 2010-இல் வந்த நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் மத நிகழ்ச்சிகளையும் தன் வரம்பில் சேர்த்திருக்கிறது, பெரிய கூட்டம் கூடும் இடத்தில் பக்தியை மட்டும் நம்பி மின்கம்பி இழுக்கக் கூடாது. அன்னதானத்தை மட்டும் விடாதீர்கள். பூசணிக்காயை நறுக்கிக்கொண்டே பேசும்போதுதான் யாருக்கு வேலை போயிற்று, யாருடைய தாயார் மருத்துவமனையில் இருக்கிறார், எந்த வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று என்பதெல்லாம் ஊருக்குத் தெரியவருகிறது. 2022 ஏப்ரலில், பெரிய வெள்ளிக்குச் சில நாட்கள் முன்பு, நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் வந்தபோது, வீடிழந்தவர்களுக்கு உடனே சோறு போட முடிந்த இடங்களில் கோயில் சமையற்கட்டுகளும் இருந்தன. அண்டா எங்கே இருக்கிறது, ஐந்நூறு பேருக்கு எவ்வளவு அரிசி, யாருடைய பக்கி (பிக்கப்) வண்டி காலியாக இருக்கும் என்பதெல்லாம் அங்கே சிலருக்கு மனப்பாடம். கேட்டரிங்காரர் வேலையை முடித்துப் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்த அறிவும் அவரோடு போய்விடும்.

சித்ரா பௌர்ணமிக்கு ஒன்று செய்து பாருங்கள். நறுக்கும் வேலையை மாலை ஆறு மணிக்குமேல் வையுங்கள். பருப்பு, பூசணிக்காய், பாயசம் என்று ஒவ்வோர் அண்டாவுக்கும் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். பெரியவர் கேட்டால் சொல்லலாம், கரண்டியைத் தொடக் கூடாது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாக அழைப்பு அனுப்புவதைவிட, இன்ன அண்டா உன்னுடையது என்று இப்போதே ஆளுக்கொரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். பாயசத்தில் ஏலக்காய் கூடினால் கூடட்டும், முருகன் பொறுத்துக்கொள்வான்.

டீ-ஷர்ட் விஷயத்தில் எனக்குக் கொள்கை ஏதுமில்லை. பருத்தி என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்; பாலியெஸ்டர் என்றால் பந்தி பரிமாறுபவர்களுக்கு மட்டும் கொடுங்கள், அதைப் போட்டுக்கொண்டு யாரையும் விறகடுப்பின் பக்கம் நிற்க விடாதீர்கள்.